மகசூல் இரட்டிப்பு, உற்பத்தி பாதி: கேரள நெல் வயல்களின் கணக்கு

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரின் கிழக்குக்கோட்டை பஸ் நிலையத்தை ஒட்டி அமைந்துள்ளது புத்தரிக்கண்டம் திடல். புத்தரி என்றால் புது அரிசி. கண்டம் என்றால் வயல். பத்மநாப சுவாமி கோயிலின் நிறைபுத்தரிச் சடங்குக்கான கதிர் விளைந்த வயல் என்பதால் ஏற்பட்ட பெயர் இது. இன்று அது அரசியல் கட்சிகளின் பொதுக்கூட்டங்களும் பொருட்காட்சிகளும் நடைபெறும் மைதானம். அங்கிருந்து சில நிமிட நடையில் சாலைக் கடைத்தெரு. அந்தக் கடைத்தெருவில் இறங்கும் அரிசி மூட்டைகளில் பெரும்பாலானவை ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வருபவை.

நெல் விளைந்த இடம் பெயரில் மட்டும் எஞ்சியிருக்கிறது. அரிசி வெளியிலிருந்து வருகிறது. ஒரு நகரின் கதை மட்டுமல்ல இது. கேரள மாநிலம் முழுமைக்கும் கடந்த அரை நூற்றாண்டில் நேர்ந்தது ஏறக்குறைய இதுவே. ஆனால், ஆண்டுதோறும் வெளியாகும் வேளாண் புள்ளிவிவரங்களில் ஒரு வரியை மட்டும் படிப்பவருக்கு இதற்கு நேர் எதிரான தோற்றமே கிடைக்கும். அந்த வரி, ஒரு ஹெக்டேருக்கான சராசரி மகசூல். அது தொடர்ந்து உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

மூன்று வரிகளின் முரண்பாடு

1970-71-ம் ஆண்டில் கேரளத்தில் 8.75 லட்சம் ஹெக்டேரில் நெல் சாகுபடியானது. அரிசி உற்பத்தி 12.98 லட்சம் டன். ஹெக்டேருக்கு 1,483 கிலோ. பரப்பு அதன் பிறகும் சற்றே கூடி, 1974-75-ல் 8.81 லட்சம் ஹெக்டேரைத் தொட்டது. அதுவே உச்சம்.

1980-81-ல் பரப்பு 8.02 லட்சம் ஹெக்டேர். 1990-91-ல் 5.59 லட்சம். 2000-01-ல் 3.47 லட்சம். 2010-11-ல் 2.13 லட்சம். 2016-17-ம் ஆண்டின் கடும் வறட்சியில் 1.71 லட்சம் ஹெக்டேர் என்ற அடிமட்டத்தை எட்டிய பின்னர், தரிசு நிலங்களை மீட்கும் திட்டங்களின் பயனாக 2020-21-ல் 2 லட்சம் ஹெக்டேரைச் சற்றே தாண்டியது. அதன் பின் மீண்டும் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது.

இதே காலத்தில் சராசரி மகசூல் 1990-91-ல் 1,942 கிலோ, 2000-01-ல் 2,162 கிலோ, 2010-11-ல் 2,452 கிலோ என ஏறி, 2020-21-ல் ஹெக்டேருக்கு 3 டன்னைத் தாண்டியது.

சுருங்கச் சொன்னால், 50 ஆண்டுகளில் மகசூல் இரண்டு மடங்காயிற்று. பரப்பு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியது. மொத்த உற்பத்தி பாதியாயிற்று.

மிக வேகமான சரிவு 1980-81-க்கும் 2000-01-க்கும் இடைப்பட்ட 20 ஆண்டுகளில் நிகழ்ந்தது. இக்காலத்தில் மட்டும் நான்கரை லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான நெல் பரப்பு மறைந்தது. நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தால், 20 ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் 60 ஹெக்டேருக்கு மேல் நெல் சாகுபடியிலிருந்து விலகியிருக்கிறது.

மக்கள்தொகையோடு சேர்த்துப் பார்த்தால் நிலைமை மேலும் தெளிவாகும். 1971 கணக்கெடுப்பில் கேரள மக்கள்தொகை 2.13 கோடி, தலைக்கு ஆண்டுக்கு 61 கிலோ அரிசி உள்ளூரில் விளைந்தது. 2011-ல் மக்கள்தொகை 3.34 கோடி, உள்ளூர் விளைச்சல் தலைக்கு 16 கிலோவுக்கும் குறைவு. மாநிலத்தின் ஆண்டுத் தேவை சுமார் 40 லட்சம் டன் எனக் கணக்கிடப்படுகிறது. உள்ளூர் உற்பத்தி அதில் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை.

சராசரி உயர்ந்தது எப்படி?

மகசூல் உயர்வுக்கு உண்மையான காரணங்கள் உண்டு. பட்டாம்பி வேளாண் ஆராய்ச்சி நிலையம் சென்னை மாகாண ஆட்சிக் காலத்தில், 1927-ல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து 1974-ல் வெளியான ஜோதி ரகம் பாலக்காட்டு வயல்களின் போக்கையே மாற்றியது. குட்டநாட்டின் மங்கொம்பு நெல் ஆராய்ச்சி நிலையம் 1998-ல் வெளியிட்ட உமா ரகம் தாழ்நில வயல்கள் எங்கும் பரவியது. உரம், பாசனம், அறுவடை இயந்திரம் ஆகியவற்றின் பங்கும் உண்டு.

ஆனால், உயர்வு முழுவதையும் இவற்றின் கணக்கில் எழுதிவிட முடியாது. எளிய உதாரணம் ஒன்றைப் பார்க்கலாம். ஒரு கிராமத்தில் 100 ஹெக்டேர் நெல் வயல் இருப்பதாகக் கொள்வோம். பாதி தாழ்நிலம், ஹெக்டேருக்கு 3 டன் விளைகிறது. மறுபாதி மேட்டுநிலமும் மலையிடுக்கு வயலும்; ஹெக்டேருக்கு 1 டன்தான். கிராமத்தின் சராசரி 2 டன், மொத்த விளைச்சல் 200 டன். மேட்டுநிலம் முழுவதும் ரப்பருக்கோ வாழைக்கோ வீட்டுமனைக்கோ போய்விட்டால், எஞ்சிய வயலில் ஒரு கதிர்கூடக் கூடுதலாக விளையாவிட்டாலும், சராசரி 3 டன்னாக உயர்ந்துவிடும். மொத்த விளைச்சலோ 150 டன்னாகக் குறையும்.

கேரளத்தில் நிகழ்ந்ததில் ஒரு பெரும் பகுதி இதுவே. மகசூல் குறைந்த பகுதிகள் முதலில் நெல்லைக் கைவிட்டன. விளைச்சல் மிகுந்த, நீர்வசதியுள்ள, பரந்த வயல்வெளிகள் மட்டும் தாக்குப்பிடித்தன. ஆகவே மாநிலச் சராசரி என்பது எஞ்சியவற்றின் சராசரி. எது எங்கே மறைந்தது என்பதை அறிய, மாவட்ட வாரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று பாலக்காடு, ஆலப்புழை, திருச்சூர் ஆகிய மூன்று மாவட்டங்கள் மட்டும் மாநிலத்தின் நெல் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தைக் கொண்டுள்ளன. கோட்டயத்தையும் சேர்த்தால் ஐந்தில் நான்கு பங்கு. எஞ்சிய 10 மாவட்டங்களுக்கும் சேர்த்து மீதி ஒரு பங்கே. திருவனந்தபுரம் மாவட்டத்தின் பங்கு ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது.

நாஞ்சில் நாடு பிரிந்த பிறகு

திருவனந்தபுரத்தின் நெல் வரலாற்றில் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. பழைய திருவிதாங்கூர் அரசின் நெற்களஞ்சியங்களுள் முதன்மையானது நாஞ்சில் நாடு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வயல்களுக்குக் கோதையாற்று நீரைக் கொண்டுவருவதற்காகவே 1906-ல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டது. 1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அதே நாளில், சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்த மலபாரின் பாலக்காடு கேரளத்தில் சேர்ந்தது. புதிய மாநிலத்தின் தெற்கு எல்லையில் ஒரு களஞ்சியம் கைவிட்டுப் போக, கிழக்கு எல்லையில் மற்றொன்று வந்து சேர்ந்தது.

அரிசிக்கு வெளியாரை நம்பும் நிலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. திருவிதாங்கூர் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானபோது அந்த வரத்து நின்றது. அப்பஞ்சத்தில் ஏழைகளின் உயிரைக் காத்தது மரவள்ளிக்கிழங்கு. 1960-களின் நடுவில் மாநிலங்களுக்கு இடையே அரிசிப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டபோது கேரளம் மீண்டும் கடும் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. மாநிலம் முழுவதற்குமான ரேஷன் முறை வலுவாக வேரூன்றியது அக்காலத்தில்தான்.

இரண்டு போகப் பாலக்காடு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே கோவையிலிருந்து செல்பவருக்கு முதலில் எதிர்ப்படுவது பாலக்காட்டு வயல்வெளி. மாநில நெல் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு இம்மாவட்டத்தில் உள்ளது. சித்திரை, வைகாசியில் தொடங்கும் விரிப்பு, புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கும் முண்டகன் என இரண்டு போகங்கள் இங்கு நடைபெறுகின்றன.

முதல் போகம் தென்மேற்குப் பருவமழையை நம்பியது. இரண்டாம் போகம் அணைகளை நம்பியது. இவற்றுள் பெரியது மலம்புழை. சென்னை மாநில அரசு கட்டிய இந்த அணையை 1955-ல் திறந்து வைத்தவர் அன்றைய முதல்வர் காமராஜ். தமிழ் பேசுவோர் மிகுதியாக வாழும் சித்தூர் பகுதிக்கோ பரம்பிக்குளம் - ஆழியாறு திட்ட நீர் தேவை. 1970-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் தமிழகம் தர வேண்டும். வறட்சி ஆண்டுகளில் இந்த நீரின் அளவும் காலமும் இரு மாநிலங்களுக்கிடையே சர்ச்சையாவது வழக்கம். பொள்ளாச்சியின் தென்னைக்கும் சித்தூரின் நெல்லுக்கும் ஒரே நீர் என்பதால், ஒரு பக்கத்து மகசூல் மறுபக்கத்து மதகைப் பொறுத்தது.

பாலக்காட்டில் நாற்று நடுவோரில் பலர் இன்று மேற்கு வங்கத்திலிருந்து வருபவர்கள். அறுவடை இயந்திரங்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வாடகைக்கு வருகின்றன. ரிசர்வ் வங்கி தொகுத்த விவரப்படி, 2022-23-ல் கேரளத்தில் வேளாண் தொழிலாளியின் சராசரி நாள் கூலி ரூ.764, நாட்டின் சராசரி ரூ.345. தொழிலாளிக்கு நல்ல கூலி கிடைப்பது கேரளத்தின் நீண்ட போராட்ட வரலாற்றின் பலன். எனினும் கூலி மிகுந்த பயிரான நெல்லுக்கு அது பெரும் சுமையாயிற்று. இயந்திரம் இறங்க முடிந்த பரந்த வயல் நிலைத்தது; இறங்க முடியாத துண்டு வயல் தரிசாயிற்று.

கடல்மட்டத்துக்குக் கீழே

ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பரவிய குட்டநாடு வேறு வகையான நிலம். பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆறுகள் வேம்பநாட்டுக் காயலில் கலக்கும் இப்பகுதியில், கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் வரை தாழ்ந்த வயல்கள் உள்ளன. காயலில் வரம்பு கட்டி, உள்ளே நிற்கும் நீரை இறைத்து வெளியேற்றிய பிறகே விதைக்க முடியும். ஒரு வரம்புக்குள் அடங்கிய வயல்கள் அனைத்தும் சேர்ந்து ஒரு பாடசேகரம் எனப்படும். நீர் இறைப்பதும் விதைப்பதும் அறுப்பதும் பாடசேகரக் குழுவின் கூட்டு முடிவு. உலக உணவு, வேளாண் நிறுவனம் 2013-ல் இதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது.

வெள்ளநீரைக் கடலில் விடத் தோட்டப்பள்ளி மதகு 1955-ல் அமைந்தது. கோடையில் உப்புநீர் ஏறாமல் தடுக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணை 1976-ல் செயல்படத் தொடங்கியது. தடுப்பணையால் நெல் பயனடைந்தது; காயல் மீன்வளமும் நீரின் தூய்மையும் பாதிக்கப்பட்டன. அதன் மதகுகளை எந்த நாளில் திறப்பது, எந்த நாளில் அடைப்பது என்பது விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் இடையே ஆண்டுதோறும் எழும் பிரச்சினை.

குட்டநாட்டு மங்கொம்பைப் பூர்வீகமாகக் கொண்டவர் வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன். அவரது ஆராய்ச்சி அறக்கட்டளை 2007-ல் தயாரித்த அறிக்கையின் அடிப்படையில், ரூ.1,840 கோடி மதிப்பிலான குட்டநாடு தொகுப்புத் திட்டத்துக்கு மத்திய அரசு 2008-ல் ஒப்புதல் அளித்தது. வரம்புகள் பல வலுப்படுத்தப்பட்டன. ஆனால் திட்டம் எதிர்பார்த்த முழுப் பயனைத் தரவில்லை என்ற குறை நீடிக்கிறது. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் குட்டநாடு ஏறக்குறைய முழுவதும் மூழ்கியது.

திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் கோள் நிலங்களும் இதே இயல்பு கொண்டவை. சுமார் 13,600 ஹெக்டேர் பரப்புள்ள இவை மழைக்காலத்தில் ஏரியாக நின்று, கோடையில் வயலாக மாறுபவை. 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற வேம்பநாடு - கோள் ஈரநிலம் இவற்றையும் உள்ளடக்கியது. வண்டல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால் மாநிலச் சராசரியைவிட மிகக் கூடுதலான மகசூல் இங்கு கிடைக்கிறது.

பாலக்காட்டின் பரந்த வெளி, குட்டநாடு, கோள் ஆகிய மூன்றும் நிலைத்ததற்கு ஒரு பொதுக் காரணம் உண்டு. நெல் தனியொருவர் பயிர் அல்ல. வயல்வெளியின் நடுவே ஒருவர் மண் கொட்டி மேடாக்கினால், பக்கத்து வயலுக்கு நீர் வரும் வழியும் வடியும் வழியும் அடைபடுகின்றன. அடுத்த ஆண்டு அவரும் தரிசு போடுகிறார். அதற்கடுத்த ஆண்டு தென்னையோ வாழையோ வைக்கிறார். வரம்பும் வாய்க்காலும் பொதுவாக உள்ள இடங்களில் இந்தச் சங்கிலி தொடங்குவதே கடினம். குன்றுகளுக்கு இடையே சிறு ஏலாக்களாகச் சிதறிக் கிடந்த தெற்கு, நடு மாவட்ட வயல்களில் அது எளிதாகத் தொடங்கி விரைவாக முடிந்தது.

வயல் நாடும் வாழையும்

வடகிழக்கு மலை மாவட்டமான வயநாட்டின் பெயரே வயல் நாடு என்பதன் திரிபு என்பர். கந்தகசாலை, ஜீரகசாலை என்னும் மணமிக்க அரிசி ரகங்கள் இங்குள்ள பள்ளத்தாக்கு வயல்களில் விளைபவை. 2010-ல் புவிசார் குறியீடும் பெற்றன. ஆயினும் வயல்களின் பெரும்பகுதியை நேந்திரன் வாழை பிடித்துக்கொண்டது. நெல்லை விட வாழையும் இஞ்சியும் பணம் தந்தன. மேட்டில் மிளகும் காப்பியும் இருந்தன.

அந்த மிளகும் கைவிட்டது. வாடல் நோயும் விலைச் சரிவும் 2000-க்குப் பின் வயநாட்டு விவசாயிகளைக் கடனில் ஆழ்த்தின, தற்கொலைகள் தொடர்ந்தன. அதன் விளைவாகவே விவசாயிகள் கடன் நிவாரண ஆணையச் சட்டம் 2006-ல் கேரளச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. 2000-01-ல் சுமார் 2 லட்சம் ஹெக்டேராக இருந்த மாநில மிளகுப் பரப்பு 2014-15-ல் 85 ஆயிரம் ஹெக்டேராகச் சுருங்கியது. கறுத்த பொன் எனப் போற்றப்பட்ட பயிரில் கேரளத்தை இன்று கர்நாடகம் முந்திவிட்டது.

ரப்பர் சொல்லும் பாடம்

நெல் விட்டுச் சென்ற இடத்தைப் பணப்பயிர்கள் நிரப்பின என்பது பொதுவான கருத்து. அது பாதி உண்மை. 1970-71-ல் 2 லட்சம் ஹெக்டேருக்கும் குறைவாக இருந்த ரப்பர் 2010-11-ல் 5.3 லட்சம் ஹெக்டேரில் பரவியது. தோட்டப் பயிர்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டதும், ரப்பர் வாரியத்தின் மானியமும் இதற்குத் துணை நின்றன. கேரளத்தின் ரப்பர் உற்பத்தி 2012-13-ல் 8 லட்சம் டன்னைத் தொட்டது. 2015-16-ல் அது 4.38 லட்சம் டன்னாகச் சரிந்தது.

இந்த மூன்று ஆண்டுகளில் மரங்கள் குறையவில்லை, மண்ணும் மாறவில்லை. 2011-ல் கிலோ ரூ.200-க்கு மேல் விற்ற ரப்பர் 2016 தொடக்கத்தில் ரூ.100-க்கும் கீழே இறங்கியது. பால் வெட்டும் கூலிக்கே கட்டுப்படியாகாததால் மரங்கள் வெட்டப்படாமல் விடப்பட்டன. மகசூல் என்னும் எண் மண்ணையும் விதையையும் மட்டும் அளப்பதில்லை, சந்தையையும் சேர்த்தே அளக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தென்னையின் நிலை வேறு. 2000-01-ல் 9.26 லட்சம் ஹெக்டேர் வரை விரிந்த தென்னை பின்னர் சுருங்கியது. ஹெக்டேருக்கு 1970-71-ல் சுமார் 5,500 காய். அதற்குப் பின் 40 ஆண்டுகள் கழித்தும் 7 ஆயிரத்தை எட்டவில்லை. தமிழகத்திலோ 10 ஆயிரம் காய்க்கு மேல். 1882 வெள்ளத்துக்குப் பின் மீனச்சில் பகுதியில் முதலில் காணப்பட்ட வேர் வாடல் நோய் தெற்கு மாவட்டங்களின் தோப்புகளை இன்றும் வாட்டுகிறது. வயது முதிர்ந்த மரங்களும் நெருக்கமான நடவும் மற்றக் காரணங்கள்.

மரவள்ளியின் கணக்கு நெல்லின் கணக்கையே ஒத்திருக்கிறது. 1970-71-ல் 2.94 லட்சம் ஹெக்டேரில் 46 லட்சம் டன். 2010-11-ல் 72 ஆயிரம் ஹெக்டேரில் சுமார் 24 லட்சம் டன். மகசூல் இரண்டு மடங்கு, பரப்பு நான்கில் ஒன்று, உற்பத்தி பாதி. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971-ல் வெளியிட்ட எச்-165, எச்-226 ரகங்கள் அதிகம் பயன்பட்டது சேலம், நாமக்கல், தருமபுரி பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு என்பது குறிப்பிடத்தக்கது.

கணக்கெடுப்பு எப்படி?

தமிழகத்தில் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல், பயிர்ப் பரப்புக் கணக்குக்கு அடிப்படை. கேரளத்தில் அந்த வழக்கம் இல்லை. ஒடிசா, மேற்கு வங்கம் போன்று இங்கும் மாதிரிக் கணக்கெடுப்பே நடைமுறை. மாநிலப் பொருளியல், புள்ளியியல் துறை 1975-76 முதல் இதனை நடத்தி வருகிறது. தேர்ந்தெடுத்த நிலங்களுக்கு ஆய்வாளர்கள் நேரில் சென்று பயிரைப் பதிவு செய்கின்றனர். மகசூலுக்கு, குறிப்பிட்ட அளவு பரப்பில் கதிரை அறுத்து எடையிடுகின்றனர்.

பயிர் இருக்கும் வயலில்தான் அறுத்து எடையிட முடியும். தரிசு வயலின் மகசூல் பூஜ்யம் என்று எந்தச் சராசரியிலும் சேர்வதில்லை. பரப்பு, மகசூல், உற்பத்தி ஆகிய மூன்றையும் மாவட்ட வாரியாகச் சேர்த்துப் படிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

சட்டமும் விலையும்

வயலைக் காக்கும் முயற்சி புதிதல்ல. 1967-ம் ஆண்டின் நிலப் பயன்பாட்டு ஆணை நெல் வயலை மாற்றத் தடை விதித்தது. பெருமளவில் ஏட்டிலேயே நின்றது. 1997-ல் வி.எஸ். அச்சுதானந்தன் தலைமையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தினர் வயல்களில் வைத்த மாற்றுப் பயிர்களை வெட்டி நிரத்திய போராட்டம் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அவர் முதல்வராக இருந்தபோது, 2008-ல், நெல் வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. கிராமம் தோறும் கண்காணிப்புக் குழு, வயல்களின் விவரத் தொகுப்பு ஆகியவை அதன் அடிப்படை. அத்தொகுப்பில் இடம்பெறாத நிலங்களைக் கட்டணம் செலுத்தி வகை மாற்ற 2018-ம் ஆண்டுத் திருத்தம் வழிவகுத்தது. அதன் பின் லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் குவிந்தன.

தடை ஒரு பக்கம் இருக்க, ஊக்கமும் தரப்பட்டது. வயலை வயலாகவே வைத்திருக்கும் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ரூ.2,000 வழங்கும் திட்டம் 2020 நவம்பரில் தொடங்கப்பட்டது. நிலத்தடி நீரைச் சேமித்து, வெள்ளத்தைத் தாங்கும் வயல் சமூகத்துக்கு ஆற்றும் பணிக்கான கைம்மாறு அது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஒரு விவசாயியின் சராசரி நில உடைமை 0.18 ஹெக்டேர். அந்த அளவு நிலமுள்ளவருக்குத் தொடக்கத்தில் இத்தொகை ஆண்டுக்கு ரூ.360-ஆக இருந்தது.

கொள்முதலிலும் இதே இழுபறி. 2023-24-ல் கேரளம் கிலோவுக்கு ரூ.28.20 கொடுத்தது, அதில் ரூ.21.83 மத்திய அரசின் ஆதரவு விலை, மீதி மாநிலத்தின் ஊக்கத்தொகை. அண்டை மாநிலங்களைவிட இது அதிகம்தான். எனினும், நெல்லை ஏற்றுக்கொண்டு சப்ளைகோ ரசீது தர, அதை வைத்து வங்கி கடனாகவே விவசாயிக்குப் பணம் தரும் ஏற்பாடு பெரும் அதிருப்திக்கு உள்ளாயிற்று. மத்திய, மாநில நிதி வரவு தாமதமானபோது, தாம் விற்ற நெல்லுக்குத் தாமே கடனாளியான நிலை விவசாயிகளுக்கு ஏற்பட்டது. அறுவடைக் காலங்களில் ஈரப்பதத்துக்கு ஆலைகள் எவ்வளவு கழிவு கேட்பது என்பதும் தகராறாகிறது.

தில்லியை நோக்கி

விளைச்சல் குறைந்த மாநிலத்துக்கு மத்தியத் தொகுப்பே ஆதாரம். 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கேரளத்தில் நடைமுறைக்கு வந்தபோது, ஆண்டு ஒதுக்கீடு 16.25 லட்சம் டன்னிலிருந்து 14.25 லட்சம் டன்னாகக் குறைந்தது. பணப்பயிர்களால் அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் மாநிலத்துக்கு அரிசி தருவது நாட்டின் கடமை என்ற வாதத்தைக் கேரள உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் தலைமுறை தலைமுறையாக எழுப்பி வருகின்றனர். வெளிச் சந்தையும் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2022-ல் ஜெயா அரிசி விலை உயர்ந்தபோது அன்றைய உணவு அமைச்சர் ஜி.ஆர். அனில் ஆந்திர அரசுடன் பேச்சு நடத்த நேர்ந்தது. ஜெயா ரகச் சாகுபடியை ஆந்திர விவசாயிகள் பெருமளவு கைவிட்டிருந்தனர்.

இப்போது மாநிலத்தின் நெல் நான்கு மாவட்டங்களில் குவிந்து நிற்கிறது. முன்பு ஒரு பகுதியில் வெள்ளம் வந்தால் மற்றொரு பகுதி ஈடுசெய்தது. இனி ஒரு பருவத்தில் குட்டநாட்டு வரம்பு உடைந்தாலோ, ஓர் ஆண்டு மலம்புழை நிரம்பாவிட்டாலோ, மாநிலக் கணக்கில் அது உடனே தெரியும். எஞ்சிய 2 லட்சம் ஹெக்டேரில் விளைச்சலை இன்னும் எவ்வளவு கூட்டலாம் என்பதைவிட, அந்தப் பரப்பு எஞ்சுமா என்பதே பெரிய கேள்வி.

தமிழகத்துக்கும் இதில் கவனிக்க வேண்டியது உண்டு. நாஞ்சில் நாட்டு வயல்களும் கேரள வழியிலேயே தென்னைக்கும் வாழைக்கும் மனைக்கும் மாறி வந்துள்ளன. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் 2020-ல் நிறைவேறியது. அது எண்ணெய்க் கிணறு போன்ற தொழில்களைத் தடுக்குமே தவிர, வயலின் நடுவே வரும் ஒரு வண்டி மண்ணைத் தடுக்காது. மகசூல் உயர்ந்ததாக அடுத்த முறை செய்தி வரும்போது, பரப்பு எவ்வளவு என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பது நல்லது.